மாடு அசையவில்லையா, கருவி பேசவில்லையா?

கறவைப் பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அந்த அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். தவறினால் 21 நாள் தீவனம் வீண். அடுத்த கன்றும் பாலும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

பருவத்தில் பசு நிலைகொள்ளாமல் நடக்கும். 1977லேயே அமெரிக்காவில் பசுக்களின் காலில் நடையளவி கட்டி இதை அளந்தார்கள். இன்று அந்த வேலையை விரல் நகத்தைவிடச் சிறிய அசைவு உணர் சிப் செய்கிறது. கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பொறியியல் மாணவரோ எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கோ எம்.பி.யூ. 6050 என்ற சிப்பை வைத்துக் கழுத்துப் பட்டை செய்து தரலாம். மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளுக்கு அது உதவும். கட்டுத்தறியிலேயே நிற்கும் ஒன்றிரண்டு பசுக்களுக்கு எதற்கு? கட்டிய மாடு எங்கே நடக்கும்? விடியலிலும் இரவு படுக்குமுன்னும், கத்தலையும் கண்ணாடி போன்ற ஒழுக்கையும் கவனித்தாலே போதும்.

பட்டை வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். மாடு படுத்திருப்பதும், கருவி பழுதாகி இருப்பதும் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

இரண்டு கம்பிப் பேச்சு

அசைவை உணர்வது சிப். கணக்குப் போடுவது மைக்ரோகன்ட்ரோலர். மின்சாரக் கம்பிகள் நீங்கலாக, இவை பேசிக்கொள்ள இரண்டே கம்பிகள். 1982ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ-டூ-சி முறை இது. ஏற்றம் இறைப்பவர் எண்ணிப் பாடுவதுபோல ஒரு கம்பி தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் மற்றக் கம்பியில் 0 அல்லது 1 போகும். முதலில் சிப்பின் கதவிலக்கம் அழைக்கப்படும். இந்தச் சிப்புக்கு அது 104 அல்லது 105. எட்டுத் தாளம் முடிந்து ஒன்பதாவதில், கேட்பவர் "ஊம்" கொட்ட வேண்டும்.

கம்பி அறுந்தால் "ஊம்" வராது. அதைக் கவனிக்காமல் படிக்கும் புரோகிராமுக்குப் பெரும்பாலும் எல்லாம் 1 ஆகவே கிடைக்கும். கணக்கில் அது மைனஸ் 1. புவியீர்ப்பையே 16,384 என்று காட்டும் சிப்பில் மைனஸ் 1 என்பது சூனியத்துக்குச் சமம். "மாடு அமைதியாக இருக்கிறது" என்று கருவி எழுதிவிடும்.

இன்னொரு கோளாறு இதைவிடப் பொல்லாதது. பேட்டரி ஒரு கணம் தளர்ந்து மீண்டும் மின்சாரம் வந்தால், இந்தச் சிப் தூக்க நிலையிலேயே இருக்கும். எழுப்பும் கட்டளை மறுபடி தரப்பட வேண்டும். தூக்கத்திலும் அது "ஊம்" கொட்டும்! ஆனால் தரும் அளவெல்லாம் சூனியம்.

மேசைச் சோதனை

பட்டையைக் கழற்றி மேசையில் அசையாமல் வைக்க வேண்டும். பூமியின் ஈர்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே மூன்று திசை அளவுகளில் ஒன்று ஏறக்குறைய 16,384 காட்ட வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் அதுவே மைனஸ் ஆகும். பக்கவாட்டில் சாய்த்தால் அடுத்த திசைக்கு மாறும். மூன்றும் சூனியம் என்றால் கோளாறு கருவியில்தான். சில கருவிகள் இந்த எண்ணை 1 என்றோ 9.8 என்றோ மாற்றிக் காட்டும், சோதனை ஒன்றேதான். மூல அளவைக் காட்டாமல் "பருவம் உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும் பட்டையை வாங்காதிருப்பது நல்லது.

பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். செருகும் முனைகளைவிடப் பற்றவைத்த இணைப்பே மேல். அதன்மேல் நீர் புகாத பூச்சும் வேண்டும். சிப்பும் மைக்ரோகன்ட்ரோலரும் ஒரே பெட்டிக்குள் இருக்கட்டும். இந்த இரண்டு கம்பிப் பேச்சு அருகருகே இருக்கும் சிப்களுக்காக ஏற்பட்டது; கொட்டகையிலிருந்து வீடுவரை கம்பி இழுத்தால் பேச்சு குளறும்.