இலவசக் கருவி: நீங்கள் கொடுக்கும் கோப்பு எங்கே போகிறது?

இணையத்தள வடிவமைப்பைத் தொழிலாகத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த இலவசக் கருவி நல்லது?" என்பதுதான். கணனியில் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே வேலையை முடித்துத் தரும் கருவிகள் இன்று ஏராளம். வேகத்தையும் வசதியையும் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று. கொடுக்கும் கோப்பு நமது கணனியிலேயே நிற்கிறதா, இன்னொருவருடைய சேர்வருக்குப் போகிறதா?

படங்களின் அளவைக் குறைப்பதை எடுத்துக்கொள்வோம். டைனிபிஎன்ஜி படத்தைத் தனது சேர்வருக்கு வாங்கிச் சுருக்கித் தருகிறது. கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ், அதே வேலையை உங்கள் பிரவுசருக்குள்ளேயே செய்கிறது. கடையொன்றின் பொருட்படங்கள் என்றால் டைனிபிஎன்ஜியே வசதி. பல படங்களை ஒரே தடவையில் கொடுக்கலாம், எப்படியும் அவை ஊரே பார்க்கப்போகும் படங்கள்தானே. ஆனால் வாடிக்கையாளர் ஒருவரின் அடையாள அட்டைப் பிரதியென்றால் ஸ்கூஷைத் தவிர வேறெதிலும் போடமாட்டேன்.

இதைச் சோதிப்பது எளிது. பக்கம் திறந்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைக் கொடுங்கள். நடந்தால், அது உங்கள் கணனியில்தான் நடக்கிறது. பின்னர் எதையும் அனுப்பாது என்பதற்கு இது உத்தரவாதமல்ல. எஃப்12 விசையை அழுத்தி 'நெட்வேர்க்' பகுதியைத் திறந்தால் வெளியே போவது தெரியும்.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜேசன் கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தரும் ஜேசன்ஃபோமேட்டர், கோட்பியூட்டிஃபை ஆகிய தளங்களில் பாவனையாளர்கள் சேமித்துவைத்த 80,000க்கும் அதிகமான பதிவுகளைத் தம்மால் எடுக்க முடிந்ததாக வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்டது. கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அவற்றில் இருந்தன. கார்ட் மூலம் பணம் பெறும் சேவையின் சாவி இப்படி வெளியானால், பாதிக்கப்படுவது உங்களை நம்பி வேலை தந்த வியாபாரி. ஜேசன் கோப்பை ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரில் திறந்தாலே ஒழுங்காகக் காட்டுமே, எதற்கு இன்னொரு தளம்?

நிரல் எழுதிப் பார்க்கும் தளங்களுக்கும் இதே கேள்விதான். கோட்பென் இலவசக் கணக்கில் எழுதுவதை எவரும் பார்க்கலாம். பழகுவதற்கு நல்லது, வாடிக்கையாளரின் வேலைக்கு அல்ல. கிளிட்ச் தளமோ பாவனையாளர்களின் திட்டங்களை இயக்கித் தரும் சேவையை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே புதிய தளமொன்றில் முதல் வரியை எழுதுமுன், முழு வேலையையும் தரவிறக்கும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தேடுங்கள். அது இல்லாத தளத்தில் ஒரு நாளுக்கு மேற்பட்ட வேலையை நான் வைப்பதில்லை.