நாழிகை வழியும் வான்வழியும்

தொலைவை நேரத்தால் அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. 'நாழிகை வழி' என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம். புகாரை நீங்கிய சற்று நேரத்திலேயே மதுரை எங்குள்ளது எனக் கண்ணகி வினவ, முப்பது காதமே, அண்மையதுதான் எனக் கோவலன் நகைத்து விடை கூறுவதாகச் சிலம்பு காட்டுகிறது. சொல்லும் எண் ஒன்று. நடப்பவள் கால் உணர்வது மற்றொன்று.

வளைகுடா செல்லும் புளியங்குடி மக்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால் சாலை தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு எனச் சுற்றிச் செல்கிறது. காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து துபாய் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர். அதற்கும் வானூர்திக்கு வேண்டுவது நான்கு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி! இத்தூரம் தட்டையான நிலப்படத்தில் இட்ட கோடன்று. பூவுருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்தால் அமையும் வில்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்ப்போர் மயங்குவதுண்டு. காலை 10 மணிக்குப் புறப்பட்டு நண்பகல் 12.45க்குத் துபாயில் இறங்குவதாகக் கொள்வோம். பயணம் இரண்டேமுக்கால் மணி நேரமன்று. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது; அதைக் கூட்டினால் நாலேகால் மணி. திரும்பும்போது அதையே கழித்தல் வேண்டும்.

இக்கணக்கு மார்க்கக் கடமைகளையும் தொடுகிறது. பயணி தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய எல்லையை ஹனபி அறிஞர் மூன்று நாள் பயணம் என்றும், ஷாபிஈ அறிஞர் இரண்டு நாள் பயணம் என்றும் வகுத்தனர். இதுவும் நாழிகை வழி போன்றதே. இக்காலத்தார் அதனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் எனக் கொள்வர். விமானம் அதை ஆறேழு நிமிடத்தில் கடந்துவிடுகிறதே, சலுகை உண்டா என மாணவர் கேட்பர். உண்டு, கணக்கிடப்படுவது தூரமே, வேகமன்று. நம் ஊரார் விமானம் ஏறும் முன்னரே, ஊரெல்லையைக் கடந்தபோதே, பயணியராகிவிடுகின்றனர்.

நோன்பின் நிலை வேறு. அங்கே தூரமும் கடிகாரமும் அளவுகோல் அல்ல; கதிரவன் மறைவே எல்லை. சென்னையிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர்; ஐந்தரை மணி நேரத்திற்குக் குறையாத பயணம். இரு நகரங்களுக்கும் தீர்க்கரேகையில் 41 பாகை வேறுபாடு. பாகைக்கு 4 நிமிடமாக 164 நிமிடம் கதிரவன் அங்கே பிந்தி மறைகிறான். நோன்பாளி ஒருவர் பகல் ஒரு மணிக்குச் சென்னையில் ஏறினால், ஊரில் மஃரிப் பாங்கு ஒலித்த பின்னரும் ஜித்தாவில் வெயில் காயும். நோன்பு இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீளும். இயலாதவர்க்குப் பயணி என்ற முறையில் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை இருக்கிறது. நோற்பவர் சென்னை நேரத்தை நோக்கித் திறத்தல் கூடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 10 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் தாழ்ந்து தெரியும். ஆதலின் கீழேயுள்ள ஊரில் கதிரவன் மறைந்து பத்து நிமிடத்திற்கு மேலாகியும் விமானச் சாளரத்தில் அவன் தென்படுவான். அவன் தம் கண்ணுக்கு மறையும்வரை பயணி காத்திருத்தல் வேண்டும் என்பதே மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு.