சுழல் காற்றும் சுழல் தீயும்



நல்ல வெயில் நேரத்தில் லயத்து முற்றத்தில் தூசும் சருகும் திடீரெனச் சுழன்று எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். "பேய்க்காத்து வருது, ஒதுங்கு" என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். ஆனால் இது பேயின் வேலை அல்ல, வெயிலின் வேலை.

வெறுந்தரை சுட்டுவிட்டால் அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. வரும்போது லேசாகத் திரும்பினாலே போதும், சுழலத் தொடங்கிவிடும். நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். நூல் விரலில் சுற்றிக் குறுகக் குறுக, கல் அடிக்கடி சுற்றி வரும். காற்றும் அப்படித்தான், நடுவை நெருங்க நெருங்கச் சுழற்சி கூடும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி வேறு வகை. அது கடலில் பிறந்து பெரும் பரப்பைச் சுற்றி வளைத்து வந்தது. முற்றத்துச் சுழல் சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

ஆனால் வெயிலுக்குப் பதிலாகத் தீ காற்றைச் சூடாக்கினால் என்ன ஆகும்? அப்போது சுழல்வது தூசு அல்ல, நெருப்பு. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி ஜப்பானில் பூகம்பம் வந்து டோக்கியோ நகரம் தீப்பிடித்தது. ஒரு வெட்டவெளியில் மூட்டை முடிச்சுகளோடு ஒதுங்கிய மக்கள்மேல் தீச்சுழல் வந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் சுமார் 38,000 பேர் மாண்டார்கள். கொண்டுவந்த சாமான்களும் தீக்கு இரையாகி நெருப்பை வளர்த்தன.

நம்ம ஊவாப் பக்கத்துக்கு இதில் பாடம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி காய்ந்த காற்றாக இங்கே இறங்குகிறது. பூனாகலையைச் சுற்றியுள்ள மானாப்புல்லும் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் வைக்கிற தீ சுழன்றால், தணலைத் தூரத்துக்குத் தூக்கி வீசும்.

ஆகவே மறவாதீர்கள்:

1. காய்ந்த காற்று அடிக்கும்போது புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். பீடித் துண்டையும் அணைத்துப் போடுங்கள்.

2. தீக்கு மேல்பக்கம் ஏறி நிற்காதீர்கள். மேட்டை நோக்கித்தான் தீ வேகமாக ஓடும்.

3. புகை சுழல்வதைக் கண்டால் அணைக்கப் போகாமல் விலகுங்கள். சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள்.

4. உடனே தோட்ட ஆபீசுக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மாட்டுக்குப் புதுப்புல் வேணும் என்று வைக்கிற தீ, லயத்துக் கூரையில் வந்து முடியக்கூடாது. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துச் சொல்லுங்கள்.