உபுண்டு கணினியில் படமும் ஒலியும்: முறையாக அமைக்கும் வழி

திறந்த மூல இயங்குதளமான உபுண்டுவைப் புதிதாக நிறுவிய கணினியில் ஒரு திரைப்படக் கோப்பைத் திறக்கும்போது, சிலருக்கு அது தடையின்றி ஓடுவதும், சிலருக்கு ஒலி மட்டும் கேட்டுத் திரை கருத்துக் கிடப்பதும், வேறு சிலருக்குத் தேவையான கோடெக் இல்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடுவதும் உண்டு. இவற்றுக்கு மருந்தாகப் பத்துக் கட்டளைகளை வரிசையாகத் தட்டச்சு செய்யச் சொல்லும் பழைய குறிப்புகள் பல இன்றும் புழங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை காலாவதியானவை என்பதோடு, எது குறைகிறது என்று அறியாமலே எல்லாவற்றையும் நிறுவச் சொல்பவை. குறையை முதலில் இனங்கண்டு, அதற்குரியதை மட்டும் நிறுவுவதே சரியான முறை. இக்கட்டுரை அம்முறையை 2024 ஏப்ரலில் வெளியான உபுண்டு 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டு விளக்குகிறது.

கொள்கலனும் கோடெக்கும்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின் வரும் ஒட்டு, அந்தக் கோப்பின் கொள்கலனை மட்டுமே குறிக்கிறது. கொள்கலன் என்பது காட்சி, ஒலி, வசன வரிகள் ஆகியவற்றைத் தனித்தனி ஓடைகளாக ஒன்றுசேர்த்துக் கட்டும் அமைப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஓடையும் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு ஏதேனும் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அவ்வாறு சுருக்கவும் மீட்டு விரிக்கவும் பயன்படும் முறையும் மென்பொருளும் கோடெக் எனப்படுகின்றன. காட்சிக்கு 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264, 2013இல் வந்த எச்.265, 2018இல் வெளியான ஏவி1 ஆகியனவும், ஒலிக்கு எம்பி3, ஏஏசி, ஏசி3, ஓபஸ் ஆகியனவும் இன்று பரவலாகக் காணப்படுபவை. ஒரே எம்கேவி ஒட்டுடைய இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாமற்போவதன் காரணம், உள்ளிருக்கும் கோடெக்குகள் வேறுபடுவதே.

எனவே எதையும் நிறுவுமுன், ஓடாத கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முதற்படி. மீடியாஇன்ஃபோ என்னும் சிறிய மென்பொருள் இதற்கென்றே உள்ளது. கோப்பைத் திறந்தவுடன் கொள்கலன், காட்சியின் கோடெக், ஒலியின் கோடெக், ஒரு நொடிக்குரிய சட்டங்களின் எண்ணிக்கை, நிறத்தின் பிட் ஆழம் ஆகியவற்றை அது காட்டிவிடும். பிட் ஆழம் 8 என்றோ 10 என்றோ இருப்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் அது தேவைப்படும்.

ஏன் எல்லாம் உடன் வருவதில்லை

மேற்சொன்ன கோடெக்குகளுட் பல, அவை உருவான காலத்தில் காப்புரிமைக்கு உட்பட்டவையாக இருந்தன, சில இன்றும் அவ்வாறே உள்ளன. எம்பி3 முறைக்கான காப்புரிமை உரிமம் வழங்கும் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தபின் அது எல்லா இடங்களிலும் தங்குதடையின்றிச் சேர்க்கப்பட்டுவிட்டது, எச்.264, எச்.265 ஆகியவற்றின் நிலை அப்படியன்று. மென்பொருட் காப்புரிமையை ஏற்கும் அமெரிக்கா போன்ற நாடுகளின் சட்டத்தை எண்ணியே இயங்குதளத்தை வெளியிடுவோர் இவற்றைத் தனியே பிரித்து வைக்கிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாகக் கருதுவதில்லை. ஆயினும் உலகம் முழுவதற்கும் ஒரே வட்டுப் படிமம் வெளியிடப்படுவதால், இங்குள்ள பயனரும் அந்தப் பிரிவினையின் விளைவை ஏற்கவே வேண்டியிருக்கிறது.

உபுண்டுவின் மென்பொருட் களஞ்சியம், அதாவது இணையத்திலுள்ள பொதிகளின் சேமிப்பகம், மெயின், ரெஸ்ட்ரிக்டட், யூனிவர்ஸ், மல்டிவர்ஸ் என்று நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. உரிமச் சிக்கல் உடையவை மல்டிவர்ஸில் இடம்பெறுகின்றன. சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் என்னும் சாளரத்தின் முதற்பக்கத்தில் நான்கு பகுதிகளும் தெரிவுசெய்யப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்த்தல் இரண்டாம் படி.

பொதிகளை நிறுவுதல்

உபுண்டுவை நிறுவும் நேரத்திலேயே, கூடுதல் ஊடக வடிவங்களுக்கான ஆதரவை நிறுவலாமா என்று கேட்கும் ஒரு கட்டம் வருகிறது. அதைத் தெரிவு செய்தவர்களுக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் தேவைப்படாது. விட்டுவிட்டவர்கள் முனையத்தைத் திறந்து, சூடோ ஆப்ட் அப்டேட் என்ற கட்டளையால் பொதிகளின் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டு, அடுத்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-ஆடான்ஸ் என்ற கட்டளையை இட வேண்டும். கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டிருந்தாலும், கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப்பட வேண்டும். சூடோ என்பது நிர்வாகிக்குரிய அதிகாரத்தோடு கட்டளையை இயக்குவது. அது கடவுச்சொல்லைக் கேட்கும்போது தட்டும் எழுத்துகள் திரையில் தோன்றா என்பதை அறியாதவர்கள் விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று எண்ணிவிடுவதுண்டு. கட்டளைகளைத் தவிர்க்க விரும்புவோர் சினாப்டிக் என்னும் பொதி மேலாளரை நிறுவி, அதே பெயரைத் தேடிக் குறியிடலாம்.

ஆடான்ஸ் என்பதற்குப் பதிலாக எக்ஸ்ட்ராஸ் என முடியும் பொதியைப் பல குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. அது மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கள், ஆர்ஏஆர் கோப்புகளை விரிக்கும் கருவி முதலியவற்றையும் சேர்த்துக் கொண்டுவருவது. எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் முனையத்தில் ஒரு தனித் திரையாகத் தோன்றும்போது, சுட்டியால் அதை அழுத்த முடியாமல் பலர் திகைத்து நிற்பார்கள். டேப் விசையால் ஓகே என்பதற்குச் சென்று என்டர் விசையை அழுத்தினால் அது நகரும். படம் பார்ப்பது மட்டுமே நோக்கமானால் எக்ஸ்ட்ராஸ் தேவையில்லை.

இப்பொதிகள் கொண்டுவருவதில் முக்கியமானது ஜிஸ்ட்ரீமர் என்னும் ஊடகச் சட்டகத்தின் செருகிகள். ஜிஸ்ட்ரீமர் தன் செருகிகளை பேஸ், குட், பேட், அக்ளி என்று பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. பின் மூன்றும் செர்ஜியோ லியோனியின் 1966ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தலைப்பை நினைவூட்டுபவை. அக்ளி என்ற தொகுதி நிரலின் தரத்தால் அன்றி, விநியோகிப்பதில் உள்ள உரிமச் சிக்கலால் அப்பெயர் பெற்றது. பேட் என்பதே போதிய சோதனையோ பராமரிப்போ இல்லாதவற்றின் தொகுதி. செருகிகளை நிறுவிய பின்னும் பிளேயர் அவற்றை அறியாவிட்டால், இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும் கேஷ் என்ற கோப்புறைக்குள் உள்ள ஜிஸ்ட்ரீமர்-1.0 என்பதை அழித்துவிட்டுப் பிளேயரை மீண்டும் திறக்க வேண்டும்; செருகிகளின் பட்டியல் அப்போது புதிதாக எழுதப்படும்.

பிளேயரைத் தேர்தல்

24.04இன் இயல்பான நிறுவலில் காட்சிப் பிளேயர் எதுவும் இடம்பெறுவதில்லை. விரிவான நிறுவலைத் தேர்ந்தவர்களுக்கே வீடியோஸ் என்ற பிளேயர் கிடைக்கிறது. அது ஜிஸ்ட்ரீமரைச் சார்ந்தது. பாரிஸில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996இல் தொடங்கி, 2001இல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்ட விஎல்சி, ஜிஸ்ட்ரீமரைச் சாராமல் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் நூலகங்களைப் பயன்படுத்துகிறது. இவ்வேறுபாடு பழுதறிவதற்கு மிகவும் உதவும். ஒரு கோப்பு விஎல்சியில் ஓடி வீடியோஸில் ஓடாவிட்டால் குறை ஜிஸ்ட்ரீமர் செருகியில் உள்ளது. இரண்டிலும் ஓடாவிட்டால் கோப்பையே ஐயுற வேண்டும்.

விஎல்சியை உபுண்டுவின் ஆப் சென்டரில் தேடினால் ஸ்னாப் வடிவமே முதலில் தோன்றும். ஸ்னாப் என்பது தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு, இயங்குதளத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து ஓரளவு ஒதுங்கி இயங்கும் பொதி. இயங்குதளத்தில் நிறுவப்படும் நூலகங்களை அது எடுத்துக்கொள்ளாமற்போகலாம் என்பதால், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி என்று உபுண்டுவின் வழக்கமான பொதி வடிவமான டெப் வடிவத்தில் நிறுவுவதே மேல். அலங்காரங்களை விரும்பாதவர்களுக்கு எம்பிவி என்னும் பிளேயர் இன்னும் சிறந்தது.

வன்பொருள் முடுக்கம்

படம் ஓடுகிறது, ஆனால் விட்டுவிட்டு ஓடுகிறது, விசிறி இரைகிறது என்றால், சுருக்கப்பட்ட ஓடையை விரிக்கும், அதாவது குறிவிலக்கும் வேலை முழுவதையும் மையச் செயலியே செய்கிறது என்று பொருள். அவ்வேலையைக் கிராபிக்ஸ் சில்லில் உள்ள தனிச்சுற்றுக்கு மாற்றுவதே வன்பொருள் முடுக்கம். லினக்சில் இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு விஏஏபிஐ என்ற இடைமுகம் அதற்கு உதவுகிறது. இன்டெல்லின் ஐந்தாம் தலைமுறை முதலான சில்லுகளுக்கு இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர் என்ற பொதியும், அதற்கு முந்தியவற்றுக்கு ஐ965-விஏ-டிரைவர் என்ற பொதியும் பொருந்தும். என்விடியா அட்டை உள்ளவர்கள் அடிஷனல் டிரைவர்ஸ் சாளரத்தில் பரிந்துரைக்கப்படும் இயக்கியை நிறுவ வேண்டும்.

விஏஇன்ஃபோ என்ற பொதியை நிறுவி அதே பெயரைக் கட்டளையாக இட்டால், சில்லு எவ்வெவற்றைக் கையாளும் என்ற பட்டியல் வரும்; விஎல்டி என முடியும் வரிகள் குறிவிலக்குதலைக் குறிப்பவை. மீடியாஇன்ஃபோ காட்டிய கோடெக்கும் பிட் ஆழமும் இப்பட்டியலில் உள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். இன்டெல்லில் 8 பிட் எச்.265 ஆறாம் தலைமுறையிலும், 10 பிட் எச்.265 ஏழாம் தலைமுறையிலும், ஏவி1 பதினோராம் தலைமுறையிலும் முழுமையாக இடம்பெற்றன. சில்லில் அச்சுற்றே இல்லாதபோது எந்தப் பொதியை நிறுவியும் பயனில்லை; அக்கோப்பின் எச்.264 பிரதியைத் தேடுவதே காலத்தை மிச்சப்படுத்தும்.

விஎல்சியில் பிரிஃபரன்சஸ் சாளரத்தின் இன்புட், கோடெக்ஸ் பகுதியில் இம்முடுக்கத்தைத் தெரிவு செய்யலாம். எம்பிவியில் இது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்; படம் ஓடும்போது கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் இயங்கும், ஐ விசையை அழுத்தினால் தவறவிடப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கை உட்படப் புள்ளிவிவரங்கள் தோன்றும்.

ஒலி

உபுண்டுவில் 22.10 பதிப்பு முதல் ஒலியைப் பகிர்ந்தளிப்பது பைப்வயர் என்னும் சேவை. ஒலி அறவே வராதபோது செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குச் சென்று, வெளியீட்டுக் கருவி எதுவெனப் பார்ப்பது போதும். எச்டிஎம்ஐ வழியே திரை இணைக்கப்பட்டிருந்தால் ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கும். சரியான கருவியே தெரிவாகியிருந்தும் ஒலி வராவிட்டால் அல்சாமிக்சர் என்ற கட்டளையை இட்டு, எம்எம் என்று குறிக்கப்பட்ட தடத்தை எம் விசையால் திறக்க வேண்டும். உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருத்தமில்லையெனில் விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியைச் சிறிது சிறிதாக முன்பின் நகர்த்தும்.

தமிழ் வசன வரிகள்

எஸ்ஆர்டி என்ற ஒட்டுடைய வசன வரிக் கோப்பு, படத்தின் கோப்போடு ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் இருந்தால் பிளேயர் தானே எடுத்துக்கொள்ளும். தமிழ் வரிகளில் மூன்று வகைக் கோளாறுகள் தோன்றுகின்றன. எழுத்துகளின் இடத்தில் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. லோஹித் தமிழ் எழுத்துரு அடங்கிய ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் பொதியையோ, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு அடங்கிய ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதியையோ நிறுவினால் அது தீரும். வேற்றுமொழிக் குறியீடுகள் கலந்து தெரிந்தால் குறியாக்கம் பொருந்தவில்லை. விஎல்சியின் வசன வரி அமைப்புகளில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரிந்தால், அக்கோப்பு ஒருங்குறிக்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. ஒருங்குறி மாற்றியில் இட்டு மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்தாலன்றி எந்தப் பிளேயரும் அதைக் காட்டாது. மூன்றாவது கோளாறு, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பது. அது எழுத்தைக் கோத்துக் காட்டும் நிரலின் குறை. அத்தகைய நிலையில் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் எம்பிவியில் பார்ப்பது எளிய தீர்வு.

டிவிடி வட்டுகள்

கடைகளில் விற்கப்பட்ட திரைப்பட டிவிடிகள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற மறையாக்கத்தால் பூட்டப்பட்டவை. அதைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகம் உபுண்டுவின் களஞ்சியத்தில் நேரடியாக இல்லை. லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியை நிறுவி, பின்னர் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லிப்டிவிடி-பிகேஜி என்று இட்டால், மூலநிரல் விஎல்சியை வெளியிடும் விடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து பெறப்பட்டுப் பயனரின் கணினியிலேயே தொகுக்கப்படும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நகலெடுத்து விற்க முனைவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். மண்டலக் குறியீடும் தடையாகலாம். இந்தியாவுக்குரியது 5ஆம் மண்டலம். டிவிடி இயக்ககத்தின் மண்டலத்தை ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால், ரீஜன்செட் கருவியைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும்.

பழைய குறிப்புகள் சொல்லும் மெடிபுண்டு களஞ்சியம் 2013இல் மூடப்பட்டது. டபிள்யூ32கோடெக்ஸ் என்ற பொதி 64 பிட் கணினிகளுக்கு உரியதன்று. ஃபிளாஷ் 2020 இறுதியோடு கைவிடப்பட்டது. இம்மூன்றில் ஒன்றைப் பரிந்துரைக்கும் குறிப்பை அப்படியே மூடிவைத்துவிடலாம்.

இவை அனைத்தும் செய்த பின்னும் ஒரே ஒரு கோப்பு மட்டும் ஓட மறுத்து, மற்றவை ஓடினால், பெரும்பாலும் அந்தக் கோப்பு முழுமையாகப் பதிவிறக்கப்படாததாகவோ நகலெடுக்கும்போது சிதைந்ததாகவோ இருக்கும். அதன் அளவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மீண்டும் பெற்றுக்கொள்ள வேண்டும்.