தைப்பூசம் இல்லாத நாளில் பத்துமலை

இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். பத்துமலைக்கு இதுவரை எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? "வருஷா வருஷம் போறேனே" என்று பலர் சொல்வீர்கள். சரி, அதில் தைப்பூசம் இல்லாத நாளில் எத்தனை தடவை?

போன அக்டோபர் வரை என் பதில் பூஜ்யம். பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் சீன நண்பன் ஒருநாள், "அந்தக் குகை எப்படி உருவானது? கோயிலை ஆரம்பித்தது யார்?" என்று கேட்டான். 272 படி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த லீவில், ஒரு புதன்கிழமை காலை, பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனேன். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. இடத்தைப் பார்க்க முடிகிறது

தைப்பூசத்தன்று நாம் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகு. கூட்டம் இல்லாத நாளில்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறோம். கோயில் குகையின் கூரை சுமார் 100 மீட்டர் உயரம். அந்தச் சுண்ணாம்புப் பாறையின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்ததால் உண்டானதுதான் குகை. கரைந்த சுண்ணாம்பு, சொட்டுகிற இடத்தில் மறுபடியும் படிந்து, கூரையிலிருந்து கல் விழுதுகளாகத் தொங்குகிறது.

வரலாறும் அங்கேயே இருக்கிறது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய கே. தம்புசாமி பிள்ளைதான் இங்கே முருகன் வழிபாட்டையும் தொடங்கி வைத்தவர். குகை வாசல் வேல் வடிவில் தெரிந்ததே அவரைத் தூண்டியது என்பார்கள். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. 1920-இல் மரப்படிகள் போட்டார்கள். பிறகு அவை கான்கிரீட் படிகளாயின. கீழே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-இல் திறக்கப்பட்டது. அதாவது, நம் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள் இந்தச் சிலையையோ கான்கிரீட் படியையோ பார்த்ததே இல்லை. ஆனாலும் ஏறினார்கள்.

2. நின்று கும்பிட முடிகிறது

குழாயில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், அதன் குறுகலான இடம்தான் எவ்வளவு வெளியே வரும் என்பதைத் தீர்மானிக்கும். தைப்பூசத்தில் சந்நிதிதான் அந்தக் குறுகலான இடம். நாம் நின்றால் பின்னால் ஆயிரம் பேர் நிற்கவேண்டும். அதனால் இரண்டு விநாடி பார்த்துவிட்டு நகர்கிறோம். அது யார் குற்றமும் இல்லை. அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. பாட்டி கண்ணை மூடி எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

3. பெரியவர்களைக் கேட்க முடிகிறது

முழங்கால் வலியால் பாட்டி பத்துமலைக்கு வருவதையே விட்டிருந்தார். "அந்தக் கூட்டத்துல என்னால ஆகாதுய்யா" என்பார். அன்று நாலு படிக்கு ஒருமுறை நின்று, உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதி வழியில் உட்கார்ந்தபோது சொன்னார்: "உங்கப்பா சின்னப் பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல்ல பேச்சு மூச்சு இல்லாம கிடந்தான். பொழைச்சா மூணு வருஷம் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். மூணாவது வருஷம் அவனே என் கையப் புடிச்சிக்கிட்டு இந்தப் படி ஏறுனான்."

எத்தனையோ தைப்பூசம் பாட்டியோடு போயிருக்கிறேன். இதை ஒருநாளும் கேட்டதில்லை. உறுமி மேளச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

போவதற்கு முன்

வார நாளில், காலை 9 மணிக்குள் போங்கள். வெயில் குறைவு, சுற்றுலாப் பேருந்துகளும் குறைவு. பள்ளி விடுமுறை, பொது விடுமுறையைத் தவிருங்கள். கேடிஎம் கொமூட்டர் மலையடிவாரத்துக்கே போகிறது. பார்க்கிங் தேடும் கவலை இல்லை. மழை பெய்திருந்தால் படி வழுக்கும், பார்த்து ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். ஆட்கள் குறைந்தாலும் குரங்குகள் குறையாது! அர்ச்சனை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காவடியும் அந்தக் கூட்டமும் நம் பலம். ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்குக் கல்யாணத்தன்று மட்டும் போனால், அவரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்குமா? சாதாரண நாளிலும் போகவேண்டும் அல்லவா?

கலந்து பேசுவோம்

1. நம் ஊர்க் கோயிலை ஆரம்பித்தது யார்? எந்த ஆண்டு?
2. கூட்டத்துக்குப் பயந்து கோயிலுக்கு வராமல் இருக்கும் பெரியவர் நம் வீட்டில் யார்?
3. அவரை எந்த வார நாளில் அழைத்துப் போகலாம்? தேதியை இப்போதே குறித்துவிடுங்கள்.