வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு சுரங்க வழி

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பார்த்த பறவைகளைப் பற்றி நீங்கள் ஒரு வலைப்பக்கம் அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கம் குரோம்பேட்டையில் உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இருக்கிறது. பைத்தான் மொழியோடு வரும் சிறிய 'சர்வர்' நிரலை இயக்கி, 127.0.0.1:8000 என்ற முகவரியைக் கொடுத்தால் நாரையும் கூழைக்கடாவும் திரையில் வந்து நிற்கின்றன. மகிழ்ச்சி தாங்காமல் அதே முகவரியை வண்டலூரிலுள்ள தோழிக்கு அனுப்புகிறீர்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஏன்?

127.0.0.1 என்றால் 'இந்தக் கணிப்பொறியே' என்று பொருள். தோழியின் கணிப்பொறி தன்னிடமே பறவைகளைக் கேட்டது. அதனிடம் ஏது பறவை?

வேறு முகவரி இல்லையா? உண்டு. வீட்டிலுள்ள வைஃபை பெட்டி, அதாவது ரூட்டர், உங்கள் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தந்திருக்கும். அதே வைஃபையில் உள்ள கைப்பேசியில் அந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கணிப்பொறியின் பாதுகாப்பு நிரல் தடுக்காவிட்டால் பக்கம் வரும். இப்போது கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். வராது. அந்த எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம்.

தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐம்பது தொலைபேசிகள். வெளியுலகுக்கு ஒரே எண். உள்ளிருப்பவர் வெளியே யாரையும் அழைக்கலாம். அழைத்தபின் மறுமுனையின் பதில் அவரிடமே வந்து சேரும். ஆனால் வெளியாள் தானாக அழைத்தால், ஐம்பதில் எந்தக் கருவிக்கு இணைப்பது? ரூட்டரின் சங்கடமும் இதுவே. யாரும் கேட்காமல் வரும் அழைப்பை அது கைவிட்டுவிடுகிறது.

எல்லாருக்கும் தனி எண் கொடுத்தால் என்ன? பழைய முகவரி முறையில் 32 பிட்டுகள்தாம். எனவே மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது இது பெரிய தொகை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஆசிய–பசிபிக் பகுதிக்கு ஏப்ரலில் தட்டுப்பாடு வந்தது. ஆகவே இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரூட்டரின் வெளி எண் அவ்வாறு இருந்தால், உங்கள் கணிப்பொறி இரண்டு பூட்டுகளுக்குள் இருக்கிறது! 128 பிட் கொண்ட புதிய முறையில் எண் பஞ்சம் இல்லை; ஆயினும் அங்கும் ரூட்டர்கள் வழக்கமாக வெளி அழைப்பைத் தடுத்தே வைக்கின்றன.

இனி தந்திரத்தைப் பாருங்கள். உள்ளே வரத்தான் தடை. வெளியே போகத் தடையில்லை. எனவே உங்கள் கணிப்பொறியே, பொது முகவரி கொண்ட ஒரு நடுநிலையக் கணிப்பொறியை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொள்கிறது. நடுநிலையம் ஒரு பொது முகவரியைத் தருகிறது. தோழி அதைத் திறந்தால், அவருடைய கோரிக்கை ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பின் வழியே உங்களிடம் வருகிறது. பக்கமும் அவ்வழியே போகிறது. இதற்குத்தான் சுரங்கவழி, 'டனல்' என்று பெயர். 1995-இல் பின்லாந்தின் தாத்து யுலோனென் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். முறையைக் கொண்டும் இதைச் செய்யலாம். என்கிராக், கிளவுட்ஃப்ளேர் போன்றவை இதை ஒரே கட்டளையில் முடித்துத் தருகின்றன.

நடுநிலையம் மும்பையில் இருந்தால்? குரோம்பேட்டைக்கும் வண்டலூருக்கும் நடுவே சில ரயில் நிலையங்களே. ஆனால் கோரிக்கை மும்பை போய்த் திரும்ப வேண்டும், பதிலும் அப்படியே. நேர்கோட்டில் ஒரு தடவைக்குச் சுமார் 1000 கி.மீ.; நான்கு தடவைக்கு 4000. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்வதால், பயணத்துக்கு மட்டும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

இத்தகைய சுட்டிகளைப் 'பாதுகாப்பானவை' என்கிறார்கள். எதிலிருந்து பாதுகாப்பு? வழியில் போகும் செய்தியை இடையில் இருப்போர் படிக்காமல் அது மறையாக்கம் செய்யப்படுகிறது, அவ்வளவே. பல சேவைகளில் நடுநிலையத்தில் மறை அவிழ்க்கப்பட்டே உங்களிடம் வருகிறது. சுட்டியைத் திறப்பவர் யார் என்றோ, நீங்கள் எதைத் திறந்து வைத்தீர்கள் என்றோ அது தானாகப் பார்ப்பதில்லை. ஒருமுறை நானே பாட விளக்கப்படம் ஒன்றைக் காட்ட, உரிய கோப்புறைக்குப் பதில் அதற்கு மேலுள்ள கோப்புறையில் நிரலை இயக்கிவிட்டேன். நண்பர் தொலைபேசியில், "சார், உங்கள் ஆதார் நகலும் தெரிகிறதே!" என்றார். அவர் நல்லவர்.

பைத்தான் சர்வர் தான் நிற்கும் கோப்புறை முழுவதையும் கொடுத்துவிடும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளை லினக்ஸ் நம் கண்ணுக்குக் காட்டாது, சர்வர் காட்டும். முகப்புப் பக்கம் இருந்தால் பட்டியல் தெரியாதுதான். ஆனாலும் பெயரை ஊகித்தவருக்குக் கோப்பு கிடைக்கும்.

செய்து பார்க்க விரும்பினால், புதிய வெற்றுக் கோப்புறை ஒன்றை உண்டாக்கி, அதில் பறவைப் பக்கத்தை மட்டும் வையுங்கள். கடவுச்சொல் கேட்கும் வசதி இருந்தால் அமையுங்கள். சுட்டி கிடைத்ததும் முதலில் தோழிக்கு அனுப்பாமல், கைப்பேசியில் மொபைல் டேட்டாவில் நீங்களே திறந்து, தெரிவதையெல்லாம் ஒன்றுவிடாமல் படியுங்கள். பிறகு அனுப்புங்கள். அவர் பார்த்து முடித்ததும் சுரங்க நிரலை நிறுத்திவிட்டு, அதே சுட்டியை மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். இப்போது பறவைகள் வரக்கூடாது.