இழப்பையும் எடை போடுவோம்



நாள்தோறும் தராசு பிடிக்கும் நாம், நமக்கு வரும் இடையூறுகளை மட்டும் எடை போடாமலே வாங்கிக்கொள்கிறோம். மிளகாய் மூட்டை நனைந்து வந்தாலும், கொடுத்த செக் திரும்பினாலும், எதிர்க்கடையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தாலும் 'எல்லாம் போயிற்று' என்று மனம் பதறுகிறது. போனது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடையில் எடை போடும் ஆள் கைதவறி ஒரு டின் நல்லெண்ணெயைக் கொட்டிவிட்டார். வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினோம். மறுநாள் அவர் வரவில்லை. கல்லாவை நம்பி விட்டுச் செல்லக்கூடிய ஆள். வீடு தேடிப் போய் வருத்தம் தெரிவித்தோம். அதற்குள் வேறு கடையில் சேர்ந்துவிட்டார். எண்ணெயின் விலை எங்களுக்கு ஒரு நாள் லாபம்கூட இல்லை. அவரை இழந்த நட்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியவில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களில் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். நடந்த நிகழ்ச்சி, அதைப்பற்றி நாம் கொள்ளும் எண்ணம், அதனால் வரும் விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் கொட்டியது நிகழ்ச்சி. 'இவன் என்னை அழித்துவிட்டான்' என்பது எண்ணம். ஏச்சு அதன் விளைவு. திருத்த வேண்டியது நடுவில் உள்ள எண்ணத்தையே.

எல்லா இழப்பும் சிறியது என்று சொல்லவில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய் வராத நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்தது. அது பெரிய அடி, கலங்குவது இயற்கை. ஆனால் முட்டைக்குப் பத்து பைசா இறங்கும் நாளிலும் அதே கலக்கம் வந்தால், கோளாறு சந்தையில் இல்லை.

பதறும்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இது அன்றாட வழக்கமானால் தூக்கம் கெடும். மனமும் உடலும் தளரும். சிறு விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவது, உள்ளே இருக்கும் மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். இழப்பு வந்ததும் வாய் திறக்குமுன் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதுவோம். அது எத்தனை நாள் லாபம் என்று பார்ப்போம். சரக்கு அனுப்பியவரிடமோ இன்சூரன்ஸிலோ எவ்வளவு திரும்பும் என்று கழிப்போம். கடையாளைக் கண்டிக்க வேண்டுமானால், கடை கட்டிய பிறகு தனியே அழைத்துச் சொல்வோம்.

இதற்கும் அடங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிட வெட்கப்படாத நாம் இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

போன சரக்கை அடுத்த லோடில் பிடித்துவிடலாம். போன மனிதரையும் போன உடல்நலத்தையும் அப்படிப் பிடிக்க முடியாது.